பசை தொடாத மலை

1

இந்தக் கதை ஓர் இரும்புக் கடையில், குழாய்ச் சாமான் அலமாரிக்கு முன்னால் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் யாராவது "உமக்கு எப்படித் தெரியும்?" என்று மடக்கினால் கையில் ஒரு பதில் இருக்க வேண்டும்.

என் சமையலறைக் குழாயில் சொட்டு. ஒரு சுருள் வெள்ளை டேப் வாங்கப் போயிருந்தேன். அலமாரியை மறித்துக்கொண்டு பக்கத்துப் பண்ணை மார்செலின் கான்யேயும் அவள் கொழுந்தன் ரெஜியும் நின்றார்கள். அவள் கையில் டேப். அவன் கையில் பசைக் குழல். இரண்டும் ஒரே வேலைக்குத்தான்: மரை போட்ட குழாய்களைத் திருகிச் சேர்க்கும்போது மரையின் இடுக்கை அடைக்க.

"மரைன்னா பசைதான் அண்ணி. வீடு வீடா ஹீட்டர் மாட்டறவன் சொல்றேன். எந்த வீட்டுலயாவது ஒழுகுச்சுன்னு போன் வந்திருக்கா?"

"வீட்டுக் குழாய் வெளிய ஒழுகும், துணி போட்டுத் தொடைச்சுக்கலாம். நம்மது பம்பு வெச்சு உறிஞ்சற குழாய். அதுல இடுக்கு இருந்தா ஒண்ணும் வெளிய வராது. எல்லாம் உள்ள போகும். உன் பசையும் சேத்து."

"குடிதண்ணிக்கு ஆகும்னு இதுலயே போட்டிருக்கான். படிங்க."

"குடிதண்ணிய யாருடா நாப்பது மடங்கு சுண்டக் காச்சிக் குடிக்கிறான்?"

கல்லாவில் இருந்தவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். மேப்பிள் மரங்களைத் துளைத்து, குழாய் வழியே உறிஞ்சி எடுக்கும் சாறு இது; நாற்பது வாளி சுண்டினால் ஒரு வாளி பாகு. கூட என்ன கலந்திருக்கிறதோ அதுவும் சுண்டிக்கொண்டு அதற்குள்ளேயே நிற்கும்.

கடைசியில் ராஜி ஆனார்கள். பம்பிலிருந்து போகும் காற்றுக் குழாய்க்கு மட்டும் பசை. அதில் சாறு ஓடுவதில்லை. மலையில் சாறு ஓடும் குழாய்களுக்கெல்லாம் டேப்.

"முதல் மரைய விட்டுட்டு சுத்தணும். இல்லன்னா நுனி பிஞ்சு உள்ள போயிடும். மலையில ஒரு மரையில கூட உன் பசை படக்கூடாது. சத்தியம் பண்ணு."

"எது மேல பண்ணட்டும்? பசை மேலயா, டேப் மேலயா?"

நான் வந்த வேலையை மறந்து வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தேன். (குழாய் இன்னும் சொட்டுகிறது.)

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"வெர்மான்ட்டின் வட மலைகளில் பனி இளகத் தொடங்கிய ஒரு மார்ச் மாதக் காலையில், மேப்பிள் மரங்களின் நரம்புகளில்—"

வேண்டாம். இது வானிலை அறிக்கை.

இரண்டாவது:

"டப்பாவைத் திறந்து ஒரே ஒரு கரண்டி வாயில் விட்டுக்கொண்ட ஆரின் விட்கோமின் முகம் விகாரமாக மாறியது. அடுத்த கணம் அவர்—"

இது வாரப் பத்திரிகைக் கை தானாக எழுதியது. முதல் பக்கத்தில் பிணம் விழாவிட்டால் வாசகர் துணுக்குப் பக்கத்துக்குப் போய்விடுவார் என்று பழகிய கை. ஆரின் சாகவில்லை. நன்றாக இருக்கிறார். இந்தக் கதை முடியும்போதும் நின்றுகொண்டுதான் இருப்பார். கரண்டி மட்டும் உண்மை.

அந்தக் கரண்டியைச் சொல்வதற்கு முன் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கதையின் முழு எடையும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

3

மார்செலின் காய்ச்சும் சாற்றில் பாதிக்கு மேல் அவளுடைய மரங்களிலிருந்து வருவதில்லை; ஆரின் விட்கோமின் மலையிலிருந்து வருகிறது. பத்திரம் எதுவும் கிடையாது. ஆரினின் அப்பா காலத்திலிருந்து ஒரு கைகுலுக்கல்தான். ஒவ்வொரு மார்ச்சிலும் அந்த மலையின் முதல் காய்ச்சலைத் தனியாகச் செய்வார்கள்; அதில் தேறும் ஒரே டப்பா ஆரினுக்குப் போகும். அவர் ருசி பார்த்து "ம், ஆகட்டும்" என்று கை நீட்டுவார். அதோடு அடுத்த வருஷத்துக்கும் மலை கான்யே குடும்பத்துக்கு.

அதில் ஒரு கண்டிப்பு உண்டு. மலைக்காரர் நாக்குக்கு முன்னால் வேறு நாக்கு படக்கூடாது. காய்ச்சியவர்களே ருசி பார்க்க மாட்டார்கள். அடர்த்தியை மிதவை வைத்து அளப்பார்கள், நிறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள், வடிகட்டுவார்கள், சூட்டோடு மூடுவார்கள். இந்த வருஷமும் அப்படித்தான். அடுப்புக்கு விறகு தள்ளுவது என் வேலை. மார்ச்சில் பக்கத்து வீட்டுக்காரர் என்றால் இங்கே அதுதான் அர்த்தம். ஆவி மணத்தில் கை தானாகக் கரண்டிப் பக்கம் போனது. மார்செலின் பட்டென்று ஒரு அடி வைத்தாள்.

"எழுத்தாளரே, மலைக்காரருக்கு முந்தி நக்கினா மலை போயிடும்."

"எழுதறவங்க நாக்கு நாக்குல சேத்தி இல்ல அண்ணி," என்றான் ரெஜி. "சும்மா ஆடிட்டே இருக்கும்."

டப்பா போனது. ஆரின் ஒரு கரண்டி எடுத்தார். கரண்டியைத் துடைத்தார். கை நீட்டவில்லை. "மலையப் பத்தி அப்புறம் பேசலாம்," என்று அனுப்பிவிட்டார்.*

(*ஏன் என்று மார்செலின் அப்போதே கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டால் கெஞ்சுவது போல் ஆகிவிடும். இந்த ஊரில் தானாக வராத வார்த்தையை யாரும் கேட்டு வாங்குவதில்லை.)

அடுத்த சனிக்கிழமை சர்ச் நிலவறையில் பாகு விருந்து. பனிக்கட்டித் தூளின் மேல் சூடான பாகை ஊற்றி, இழுபடும் மிட்டாயாகச் சுருட்டித் தின்று, திகட்டும்போது ஊறுகாய் வெள்ளரியைக் கடித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பது. பாகு மார்செலின் கொடுத்தது. எல்லோரும் புகழ்ந்தார்கள். ஆரினும் ஒரு தட்டு வாங்கித் தின்றார். தின்னத் தின்ன அவர் முகம் சிவந்ததை எதிரே உட்கார்ந்து நானே பார்த்தேன்.

திங்கட்கிழமை மார்செலினை வரச் சொன்னார்.

4

இந்தக் காட்சியில் நான் இல்லை. மார்செலின் சொன்னதைத்தான் எழுதுகிறேன். அவள் பேச்சு கூர்மையாகவும் ஆரின் பேச்சு மொண்ணையாகவும் தெரிந்தால் அதைத் தற்செயல் என்று நம்பிவிடாதீர்கள்.

ஆரினின் சமையலறை. அவர் உட்காரச் சொல்லவில்லை.

"ஊருக்கெல்லாம் நல்ல பாகு. எனக்கு மட்டும் பெயின்ட் டப்பா கழுவின தண்ணியா?"

"என்ன சொல்றீங்க ஆரின்?"

"நாக்குல பட்டதச் சொல்றேன். எண்ணெய் நாத்தம். உன் கொழுந்தன் பசைய அப்பியிருக்கான். அவன் எங்க போனாலும் அந்த நாத்தம்தான்."

"உங்க மலையில பசை தொடல. எல்லா மரையும் டேப். நான் சத்தியமே பண்றேன்."

"அப்ப என் டப்பாவுல மட்டும் எப்படி வந்துச்சு?"

"அந்த டப்பாவக் குடுங்க. நானே ருசி பாக்கறேன்."

"பன்னிக்கு ஊத்திட்டேன்."

"பன்னி குடிச்சுதா?"

"அது சோப்புத் தண்ணியும் குடிக்கும்."

மார்செலினுக்கு இங்கேதான் பொறி தட்டியது. போன இலையுதிர் காலத்திலிருந்து ஒரு பெரிய கம்பெனியின் ஆள் ஆரின் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுப் போகிறான். மலைகளை மொத்தமாகக் குத்தகைக்கு எடுக்கிறவர்கள்.

"ஓ. இப்பத்தான் புரியுது. கம்பெனிக்காரனுக்குக் குடுக்கணும்னா நேரா சொல்லுங்களேன். எதுக்குப் பாகு மேல பழி போடறீங்க? நீங்க பொய் சொல்றீங்க, ஆரின்."

அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "சீசன் முடிஞ்சதும் உன் குழாயெல்லாம் கழட்டிக்கோ."

மார்செலின் வீட்டுக்கு வரும் வழியில் தபால் ஆபீசில் நின்றாள், கடையில் நின்றாள், என் வீட்டில் நின்றாள். சாயங்காலத்துக்குள் ஆரின் விட்கோம் பொய்யர் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. விருந்தில் பாகு தின்ற அத்தனை பேரும் சாட்சி.

5

இங்கே கதை எழுதுகிறவருக்கு ஒரு குற்றவாளி தேவை. நான் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தேன்.

ஆரின். நோக்கம் இருக்கிறது, தடயத்தைப் பன்றிக்கு ஊற்றியிருக்கிறார். கச்சிதமாகப் பொருந்துகிறார். அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. மலையைக் கம்பெனிக்குக் கொடுக்க அவருக்குக் காரணமே வேண்டாம். அவர் மலை, அவர் இஷ்டம். இப்படி ஒரு நாடகம் எதற்கு? விருந்தில் அந்த முகம் சிவந்தது நாடகம் இல்லை. அல்லது நான் அப்படிப் பார்க்க விரும்பினேனா?

ரெஜி. டேப் சுற்றப் பொறுமை இல்லாமல், அண்ணி முதுகு திரும்பியதும் பசையைத் தடவியிருப்பான் என்று ஒரு பத்தி எழுதினேன். "சுற்றுமுற்றும் பார்த்தபடி ரெஜி சட்டைப் பையிலிருந்து குழலை—" என்று நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு காலையில் பனிச்செருப்பு மாட்டிக்கொண்டு மலையேறி, பிரதான குழாயின் மரை இணைப்புகளை நானே பார்த்தேன். எல்லாவற்றிலும் வெள்ளை டேப்பின் விளிம்பு. முகர்ந்தும் பார்த்தேன். குளிரின் வாசனைதான். அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.

மார்செலின். இருக்கட்டும், கேளுங்கள். கெட்டுப்போன முதல் காய்ச்சலைத் தெரிந்தே ஆரின் தலையில் கட்டியிருந்தால்? ருசி பார்க்காத வழக்கம் அவளுக்கு வசதியான திரையாக இருந்திருந்தால்? இதை எழுதிய அன்று அவள் எனக்குச் சூடாக டோனட் கொண்டுவந்து கொடுத்தாள். மேஜையில் இருந்த தாளைப் பார்த்தாள்.

"என்ன எழுதறீங்க?"

"உங்க கதைதான்."

"அதுல நான் நல்லவளா?"

"இன்னும் முடிவாகல."

"டோனட்டத் திருப்பிக் குடுங்க," என்றாள். சிரித்தாள். ஆனால் ஒரு கணம் தாமதமாகச் சிரித்தாள். அந்தத் தாமதத்தையும் நான் குறித்துக்கொண்டேன். நல்ல பக்கத்து வீட்டுக்காரர் குறிக்க மாட்டார்.

6

இனி வருவது நான் யோசித்துக் கண்டுபிடித்தது அல்ல. கண்ணால் பார்த்தது. கதையில் இப்படி ஒரு விஷயத்தை யாரும் துணிந்து வைக்கமாட்டார்கள்.

பம்பு அறையில் காற்றுக் குழாயின் ஒரு இணைப்பு சீறிக்கொண்டிருந்தது. பம்பின் முள் இறங்கிவிட்டது. ரெஜி அதைக் கழற்றிப் புதிதாகப் பசை தடவ உட்கார்ந்திருந்தான். சாப்பிடக் கூப்பிடப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவன் பச்சை பிளாஸ்கின் வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, மீன் பிடிப்பவன் போலத் துழாவி, பசைக் குழலை வெளியே எடுத்தான்.

"என்ன ரெஜி இது?"

"குளிர்ல பசை கல்லு மாதிரி ஆயிடும் எழுத்தாளரே. வெந்நீர்ல கொஞ்ச நேரம் போட்டா வெண்ணெய். நம்ம தொழில் ரகசியம். எழுதிராதீங்க."

"இந்த பிளாஸ்க்லயா?"

"காப்பி பிளாஸ்க்லயா போடுவாங்க?"

காப்பிக்குச் சிவப்பு பிளாஸ்க். பச்சையில் எப்போதும் வெறும் வெந்நீர்தான். அந்த வெந்நீர் மலைக்குப் போகும். குளிரில் சாற்றுக் குழாயின் பிளாஸ்டிக் விறைத்துக்கொண்டு இணைப்பின் மேல் ஏறாது. நுனியை வெந்நீரில் முக்கி இளக்கிச் செருக வேண்டும். இங்கே எல்லோரும் செய்வது. இந்தக் குளிர்காலத்தில் அணில்கள் ஆரின் மலையில்தான் அதிகம் கடித்திருந்தன. கடித்த நுனிகளையெல்லாம் வெட்டி, முக்கி, மறுபடி செருகியது மார்செலின். தன் கையாலேயே. முதல் காய்ச்சலுக்குச் சற்று முன்னால்.

"முதல் காய்ச்சலுக்கு முன்னாடியும் இதுலதான் பசையப் போட்டியா?"

ரெஜி கையிலிருந்த குழலைத் திருப்பினான். குழலின் மூடி சரியாகத் திருகப்படாமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவன் அதையே பார்த்தான்.

பின்னால் மார்செலின் வந்து நின்றது எங்கள் இருவருக்கும் தெரியாது. அவள் பிளாஸ்கை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தாள். தண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம், வானவில் நிறத்தில். விரலை விட்டு நாக்கில் வைத்தாள். பனியில் துப்பினாள்.

"இதத்தான் சொன்னாரு," என்றாள். "பெயின்ட் டப்பா கழுவின தண்ணி."

மரைகளில் பசை படவில்லை. ரெஜி சத்தியத்தை மீறவில்லை. மார்செலின் பொய்ச் சத்தியம் செய்யவில்லை. ஆனாலும் பசை மலையேறிப் போய், ஒவ்வொரு நுனியாக உள்ளே இறங்கி, நாற்பது மடங்கு சுண்டி, மிகச் சரியாக ஒரு மனிதரின் நாக்கில் போய் உட்கார்ந்தது. அடுத்தடுத்து வந்த சாறு குழாய்களைக் கழுவிவிட்டது. அதனால்தான் விருந்துப் பாகில் ஒன்றும் இல்லை.

7

ஒரு நல்ல தொடர்கதை இங்கே முடிந்துவிடும். மர்மம் விலகியது, எல்லோரும் நிரபராதிகள், முற்றும். இதற்கு அடியில் "முற்றும்" என்று எழுதியும் பார்த்தேன். பேனா கொஞ்சம் கூசியது.

அவர்கள் பேசியதைக் கேளுங்கள்.

"போய்ச் சொல்லணும்," என்றாள் மார்செலின், கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்து.

"எதுக்கு அண்ணி? ஊரே நம்ம பக்கம். காலைச் சாப்பாட்டுக் கடையில அவரு பக்கத்துல உக்கார ஆள் இல்ல. வெக்கம் தாங்காம இன்னும் ரெண்டு நாள்ல அவரே வந்து கை நீட்டுவாரு பாருங்க. நீங்க போய்ச் சொன்னீங்கன்னா என்ன ஆகும்? 'பாத்தியா, பசைதான்'னு சொல்லி மலையக் கம்பெனிக்குக் குடுத்துருவாரு. சாக்கு இல்லாம இருந்தாரு, நாமளே போய்ச் சாக்கு குடுக்கணுமா?"

"அவரு பொய்யர்னு ஊரு சொல்லுது, ரெஜி. நான் கிளப்பி விட்டது."

"அவரு என்னைப் பசை நாத்தம்னாரு. அதுக்கு யாராவது வருத்தப்பட்டாங்களா?"

"உன் மேல நாத்தம் இருக்கத்தானேடா செய்யுது."

"அது தொழில் நாத்தம்!"

இருவரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் அறிவேன். இந்த மாதம் முழுக்க நான் அவர்களைப் பார்த்த பார்வை அது.

"இவரு எழுதிடுவாரு," என்றாள் மார்செலின்.

"தமிழ்லதானே? இங்க யாரு படிக்கப் போறா?" என்றான் ரெஜி. "எழுதட்டும். நமக்கு ஆபத்தில்லாத வாய்."

(உங்களைத்தான் சொல்கிறான். நீங்கள் தூரத்தில் இருப்பவர், அதனால் கணக்கில் வராதவர் என்பது அவன் எண்ணம்.)

மலை இல்லாவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். மலை இல்லாவிட்டால் இந்தக் காய்ச்சும் கொட்டகை ஒரு வருஷம் ஓடும், தன் மரங்களை வைத்துத் தட்டுத் தடுமாறி. அதற்கு அடுத்த வருஷம் மார்செலின் கம்பெனியின் வேலையாளாக, ஆரினின் மலையில், வேறு யாரோ வாங்கிக் கொடுத்த டேப்பைச் சுற்றிக்கொண்டிருப்பாள். இதை அவளே சொன்னாள். சொல்லிவிட்டு அந்தப் பச்சை பிளாஸ்கின் தண்ணீரைப் பனியில் கொட்டினாள். தடயத்தை அழித்தாளா, அழுக்குத் தண்ணீரைக் கொட்டினாளா? கூடவே நின்றும் எனக்குத் தெரியவில்லை.

8

ரெஜி சொன்னது நடந்தது. அவன் சொன்ன மாதிரி நடக்கவில்லை.

இன்று மதியம் நல்ல வெயில், சாறு ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பு முழு வீச்சில். கொட்டகை முழுக்க ஆவி. கதவைத் தள்ளிக்கொண்டு ஆரின் விட்கோம் வந்தார். தொப்பியைக் கழற்றினார். அவர் தொப்பி கழற்றி நான் பார்த்ததில்லை. தலை எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது.

யாரையும் கேட்காமல் கரண்டியை எடுத்து, காய்ச்சும் தட்டின் ஓரத்தில் பாகை மொண்டு, ஊதி, வாயில் விட்டுக்கொண்டார். கண்ணை மூடி ரொம்ப நேரம் நாக்கில் வைத்திருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார்.

கரண்டியைக் கீழே வைக்காமல் தொடர்ந்தார்.

"டாக்டர்கிட்டப் போனேன். இந்த வயசுல நாக்கு தப்பா சொல்றது உண்டுங்கறான். இல்லாத ருசியெல்லாம் தெரியுமாம். நான் அப்படி ஆயிட்டேன்னு எனக்குத் தோணல. ஆனா ஊரே ஒரு பக்கம் நிக்கும்போது..." கரண்டியை வைத்தார். "கம்பெனிக்காரன திருப்பி அனுப்பிட்டேன். அவனுக்காக நான் பொய் சொல்லல, மார்செலின். நாக்குல பட்டதத்தான் சொன்னேன். இப்ப உன்னையே கேக்கறேன். உன் மாமனாரும் எங்க அப்பாவும் காகிதம் இல்லாம நின்ன இடம் இது. அந்த டப்பாவுல ஒண்ணும் இல்லன்னு நீ உன் வாயால சொல்லு. என் நாக்கு கெட்டுப்போச்சுன்னு ஒத்துக்கறேன்."

கையை நீட்டினார்.

ரெஜி தலையை மிக லேசாக அசைத்தான். வேண்டாம், வாயைத் திறக்காதீங்க என்று.

இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் மார்செலின் கையைப் பிடித்து "ஒண்ணும் இல்ல ஆரின்" என்கிறாள். மலை நிலைக்கிறது. அந்த மனிதர் தன் நாக்கை நம்பாமல் மிச்ச வாழ்நாளைச் சாப்பிட்டுத் தீர்க்கிறார். இன்னொன்றில் அவள் எல்லாவற்றையும் சொல்கிறாள். ஆரின் உருகிப்போய் அவளைத் தட்டிக்கொடுக்கிறார். முதலாவதை எழுதியபோது எனக்கு மார்செலின் மேல் சந்தேகம் வந்தது. இரண்டாவதை எழுதியபோது என் மேலேயே வந்தது. உண்மை சொன்னவர்களை ஊர் தட்டிக்கொடுப்பதை நான் அச்சில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இந்த ஆரின், உண்மையைக் கேட்டால், தன் நாக்கு சரி என்ற நிம்மதியில் சிரித்துவிட்டு, அதே சிரிப்போடு மலையைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கூடியவர்.

மார்செலின் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். ஆரின் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"ஆரின், அந்த டப்பாவுல—"

மன்னியுங்கள். நான் போக வேண்டும். மொண்டு பார்த்தேன்: கரண்டி விளிம்பில் பாகு துளியாக விழாமல் தகடாகத் தொங்குகிறது, பதம் வந்துவிட்டது. இன்னும் நாலு மூச்சு விட்டால் தட்டு அடிப்பிடித்துக் கருகிவிடும், இன்றைய உழைப்பு முழுக்கப் போய்விடும். ஆரினைப் பார்த்தபடி நிற்கும் இரண்டு பேருக்கும் அது கண்ணில் படவில்லை. தட்டின் வடிகுழாயைத் திறந்து பாகை இறக்க என்னை விட்டால் ஆளில்லை.

வாக்கியத்தை நீங்கள் முடியுங்கள். இங்கே உள்ளவர்களில் யாரையும் நான் முழுதாக நம்பவில்லை, அவர்களும் என்னை நம்பவில்லை. மிச்சம் இருப்பது நீங்கள்தான். அவள் காதில் எதைச் சொல்வீர்களோ சொல்லுங்கள். சீக்கிரம். ஆரின் விட்கோம் வெறும் கையை ரொம்ப நேரம் நீட்டிக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை.